வண்டியிலேயே வருஷக்கணக்கில் ஊர் சுற்ற: கொஞ்சப் பணத்தை நீளமாக இழுக்கும் கணக்கு

நானும் என் கணவரும் ஒரு பழைய டீசல் வேனில் நாலு வருஷம் சாலையில் இருந்தோம். ஸ்டியரிங் அவருடையது, கணக்கு நோட்டு என்னுடையது. கிளம்புவதற்கு முன் 17 வருஷம் கணக்கு எழுதித்தான் சம்பளம் வாங்கினேன், அதனால் அந்தப் பழக்கம் விடவில்லை. ஒரு லிட்டர் டீசலோ, ஒரு கட்டு காய்கறியோ, எதுவானாலும் அன்று இரவே நோட்டில் ஏறிவிடும். இங்கே சொல்வதெல்லாம் அந்த நோட்டுகளிலிருந்து வருவதுதான்.

"எவ்வளவு பணம் சேர்த்தால் கிளம்பலாம்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது, "வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டப் போகிறீர்கள்?" என்பதைத்தான். இந்த மாதிரிப் பயணத்தில் பணம் நாள் கணக்கில் போவதைவிடக் கிலோமீட்டர் கணக்கில்தான் அதிகம் போகிறது.

முதல் வருஷம் நாங்கள் ஓட்டியது 31,000 கிலோமீட்டர், 11 நாடுகள். இரண்டாவது வருஷம் 12,000 கிலோமீட்டர், 4 நாடுகள். எங்கள் வண்டி லிட்டருக்குச் சராசரியாக 10 கிலோமீட்டர் கொடுக்கும். அப்படியானால் முதல் வருஷம் 3,100 லிட்டர், அடுத்த வருஷம் 1,200 லிட்டர். டீசலோடு நின்றதா என்றால் இல்லை. எஞ்சின் ஆயில், பிரேக், டயர் எல்லாம் ஓட்டத்தைப் பார்த்துத்தான் தேய்கின்றன. விசாவும் எல்லைக் கட்டணமும் நாடுகளின் எண்ணிக்கையைப் பார்த்து ஏறுகின்றன. இரண்டாவது வருஷத்தின் மொத்தச் செலவு முதல் வருஷத்தில் பாதியை ஒட்டித்தான் வந்தது. சாப்பாட்டில் நாங்கள் கை வைக்கவே இல்லை. ஓர் இடத்தில் 4 நாள் தங்கியதை 3 வாரமாக்கினோம், அவ்வளவுதான்.

ஓட்டுகிற வேகத்திலும் பணம் இருக்கிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். எங்கள் வேன் 100-ல் போனால் லிட்டருக்கு 9, 80-ல் போனால் 11. கூரைமேல் ஏற்றிக் கட்டியிருந்த பெட்டியை முதல் வருஷக் கடைசியில் கழற்றிப் போட்டோம். உள்ளே இடம் குறைந்தது, ஆனால் அடுத்த முறை டேங்க் நிரப்பும்போதே வித்தியாசம் தெரிந்தது.

சரி, பணத்தை எப்படிப் பிரிப்பது? நான் மூன்று பங்காகப் பிரிப்பேன்.

முதல் பங்கு, போகும் நாடுகளை முடிவு செய்த பிறகு எவ்வளவு ஓட்டினாலும் கட்டியே தீர வேண்டியவை: விசா, இன்சூரன்ஸ், வண்டிக்கான சுங்கப் பத்திரம், கப்பல் கட்டணம். இவற்றைக் கிளம்பும் முன்பே பட்டியல் போட்டு எடுத்து வைத்துவிட வேண்டும். இரண்டாவது பங்கு மாதச் செலவு: டீசல், சாப்பாடு, தங்கும் இடம், சிம் கார்டு. மூன்றாவது, தொடக் கூடாத பணம். இருவரும் விமானத்தில் வீடு திரும்பவும், வண்டியைக் கப்பலில் அனுப்பவும், ஒரு பெரிய ரிப்பேரைத் தாங்கவும் எவ்வளவு ஆகுமோ அதுதான் இதன் அளவு. நாங்கள் இதைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, அதன் கார்டை டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருந்தோம். எடுக்க வேண்டுமென்றால் ஸ்குரூ டிரைவர் வேண்டும். அந்தச் சின்னச் சிரமம் எத்தனையோ ஆசைகளைத் தடுத்திருக்கிறது.

நாலு வருஷத்தில் ஒரே ஒரு முறை அந்தக் கார்டைக் கழற்றினோம். தஜிகிஸ்தானின் பாமிர் நெடுஞ்சாலை, எம்41. முர்காபிலிருந்து கரகுல் ஏரிப் பக்கம் போகிற வழியில் 4,655 மீட்டர் உயரத்தில் அக்-பைதால் கணவாய் வரும். கணவாய்க்கு முன்னால், மண் சாலையில், பின் சக்கரத்திலிருந்து ஒரு முனகல். வேகம் கூடினால் கூடும், குறைந்தால் குறையும். எங்கள் வழக்கம் என்னவென்றால், எங்கே நின்றாலும் இறங்கி நாலு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் கிட்டே புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பேன். மூன்று வெதுவெதுப்பாக இருந்தன. நாலாவதன் கிட்டே கையை வைத்திருக்க முடியவில்லை. பியரிங் போய்விட்டது. அங்கேயே நிறுத்திக்கொண்டதால் ஆக்சில் தப்பித்தது. புது பியரிங் வந்து சேர 11 நாள் ஆனது. பியரிங்கின் விலை பெரிதல்ல. வண்டியை லாரியில் ஏற்றி முர்காபுக்குத் திரும்பக் கொண்டுபோனதும், பொருளை அவசரமாக வரவழைத்ததும்தான் பெரிய தொகை. இன்னும் 50 கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் எங்கள் பயணம் அங்கேயே முடிந்திருக்கும். அதற்கப்புறம் நாலு சக்கரத்துக்கும் ஒரு செட் பியரிங் சீட்டுக்கு அடியில் எப்போதும் இருந்தது.

வண்டி வாங்கும்போதே பாதிச் செலவு தீர்மானமாகிவிடுகிறது. சேமித்த பணத்தையெல்லாம் வண்டியில் கொட்டிவிட்டுக் கிளம்ப முடியாமல் வருஷக்கணக்கில் நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும். விரலுக்கேற்ற வீக்கம் போதும். எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைக்கக்கூடிய, பரவலாக ஓடுகிற மாடலாக இருக்கட்டும். உயரத்தையும் பாருங்கள். சாதாரண கப்பல் கன்டெய்னரின் வாசல் ஏறக்குறைய 2.28 மீட்டர் உயரம், உயரமான வகையில் 2.58. எங்கள் வேன் 2.1 மீட்டர். அதனால் எந்தக் கன்டெய்னரிலும் நுழைந்தது.

மலிவான வண்டிக்கு இன்னொரு லாபமும் உண்டு. இந்தியா, பாகிஸ்தான், ஈரான், எகிப்து போன்ற நாடுகளுக்கு வெளிநாட்டு வண்டியைக் கொண்டுபோக 'கார்னே' என்கிற சுங்கப் பத்திரம் தேவை. வண்டியை அங்கே விற்றுவிட மாட்டேன், வெளியே எடுத்துப் போவேன் என்பதற்கான உத்தரவாதம் அது. பதிவு செய்த நாட்டின் வாகனச் சங்கம் தரும், ஒரு வருஷம் செல்லும். அதற்காக வைக்க வேண்டிய பிணைத்தொகை வண்டியின் மதிப்பையும் போகப்போகும் நாடுகளையும் பொறுத்தது. விலை உயர்ந்த வண்டி என்றால் பெரும்பணம் வருஷக்கணக்கில் முடங்கும். ஒவ்வொரு நாட்டிலும் உள்ளே போகும்போது ஒரு முத்திரை, வெளியே வரும்போது ஒரு முத்திரை. வெளியே வரும் முத்திரை விட்டுப்போனால் பிணைத்தொகை திரும்பி வருவது பெரும்பாடு. வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும், அந்த முத்திரையைக் கண்ணால் பார்க்காமல் எல்லையை விட்டு நகராதீர்கள்.

ஐரோப்பா, மத்திய ஆசியா, தென் அமெரிக்கா ஆகிய பகுதிகளுக்குக் கார்னே வேண்டாம். எல்லையிலேயே தற்காலிக அனுமதி எழுதித் தந்துவிடுவார்கள். பணம் குறைவாக இருப்பவர்கள் முதல் பயணத்தை இந்தப் பக்கமாக வைத்துக்கொண்டால் கையில் இருப்பது முடங்காது. இன்சூரன்ஸையும் எல்லா இடத்திலும் எல்லைக்கு எல்லை வாங்க வேண்டியதில்லை. ஐரோப்பாவிலும் அதைச் சுற்றியும் பச்சை அட்டை, கிழக்கு ஆப்பிரிக்கப் பக்கம் கொமேசா என்கிற நாடுகளின் கூட்டமைப்பு தரும் மஞ்சள் அட்டை, மேற்கு ஆப்பிரிக்காவில் எக்கோவாஸ் கூட்டமைப்பின் பழுப்பு அட்டை என்று பல நாடுகளுக்குச் சேர்த்து ஒரே பத்திரம் உண்டு.

கப்பல் செலவில்தான் ஏமாறுகிறோம். பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவில் டேரியன் இடைவெளி, சுமார் 100 கிலோமீட்டருக்குச் சாலையே கிடையாது. கொலம்பியாவின் கார்டகேனாவிலிருந்து பனாமாவின் கொலோனுக்கு வண்டியைக் கப்பலில்தான் அனுப்ப வேண்டும். 40 அடி கன்டெய்னரின் உள்நீளம் 12 மீட்டர், 5 மீட்டர் வண்டிகள் இரண்டு தாராளமாகப் போகும். அதே தேதியில் கடக்கப்போகும் ஒரு ஜோடியை ஒரு மாதம் முன்பே தேடிப் பிடித்துச் செலவைப் பாதியாக்கினோம். ஆனால் முதல் முறை, ஐரோப்பாவிலிருந்து உருகுவேயின் மொண்டேவீடியோவுக்கு அனுப்பியபோது, ஒரு ஏஜென்ட் சொன்ன தொகை கப்பலுக்கு மட்டும் என்பது இறங்கிய பிறகுதான் தெரிந்தது. துறைமுகக் கட்டணம், இறக்குகூலி, பத்திரச் செலவு எல்லாம் தனி. அன்று இரவு நோட்டை மூன்று முறை கூட்டிப் பார்த்தேன், அவ்வளவு வேதனை. அதனால் எந்த ஏஜென்டிடமும் "வண்டி என் கையில் சாவியோடு வரும்வரை மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து ஒதுக்குங்கள்.

வருமானத்துக்கு வருகிறேன். எங்களை நாலு வருஷம் தாங்கியதில் பெரிய பங்கு நாங்கள் விட்டுவந்த வீட்டின் வாடகைக்கு. அதற்கு முன்னால், இருந்த கடனையெல்லாம் அடைத்தோம். மாதத் தவணை ஒன்று உயிரோடு இருந்தால் எந்த நாட்டில் நின்றாலும் அது உங்களோடு சாப்பிட உட்காரும். கடனை அடைக்க ஒன்றரை வருஷம் தாமதமாகக் கிளம்பினோம், அதற்காக இன்றுவரை நான் வருந்தவில்லை.

இரண்டாவது, பழைய வேலை. முன்பு கணக்கு எழுதிக்கொடுத்த இரண்டு கடைகள் மாதா மாதம் தொடர்ந்து வேலை அனுப்பின. மாதக் கடைசி 5 நாள் நல்ல இணையம் உள்ள ஊரில் நிற்போம். அப்படியும் பற்றாதபோது வண்டியை ஒரு நாட்டில் விட்டுவிட்டு வீடு திரும்பி உழைத்தோம். உருகுவே வெளிநாட்டு வண்டிக்கு 12 மாதம் அனுமதி தருகிறது. அங்கே ஒரு கொட்டகையில் நிறுத்திவிட்டு 7 மாதம் வேலை பார்த்துவிட்டு வந்தோம். சிலியில் 90 நாள்தான், அங்கே இப்படிச் செய்ய முடியாது. தேதியை முதலில் பாருங்கள், அப்புறம் டிக்கெட் போடுங்கள்.

போகிற இடத்தில் வேலை செய்து சம்பாதிக்கலாம் என்று பலர் நம்பிக் கிளம்புகிறார்கள். சுற்றுலா விசாவில் உள்ளூரில் கூலி வாங்குவது பெரும்பாலும் சட்டப்படி முடியாது. சாப்பாட்டுக்கும் இடத்துக்குமாகப் பண்ணையில் உழைப்பதைக்கூட வேலை என்றே எடுத்துக்கொள்ளும் நாடுகள் உண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகள் குறிப்பிட்ட சில நாட்டு இளைஞர்களுக்கு வேலையும் சுற்றுலாவும் சேர்ந்த விசா தருகின்றன. உங்களுக்குத் தகுதி இருந்தால் அது நேர்மையான நல்ல வழி.

கையால் செய்யும் பொருளை விற்று வாழ்ந்தவர்களும் இருக்கிறார்கள். அர்ஜென்டினாவின் ஹெர்மான் சாப், கான்டெலாரியா சாப் தம்பதி 2000-ல் ஒரு 1928 கிரஹாம்-பேஜ் காரில் அலாஸ்காவைப் பார்க்கக் கிளம்பினார்கள். எக்வடோரில் பணம் தீர்ந்துபோனது. கான்டெலாரியா பறவைகளை வரைந்தார், ஹெர்மான் சட்டம் போட்டு விற்றார். பிறகு தங்கள் பயணத்தைப் புத்தகமாக்கி விற்றார்கள். 22 வருஷம் கழித்து, 2022-ல்தான் பயணத்தை முடித்தார்கள். அவர்களை நினைத்தால் எனக்குத் தைரியம் வரும். ஆனாலும் அதை நம்பிக் கிளம்பாதீர்கள், உங்கள் கையில் எது விற்கும் என்பதை வீட்டிலிருக்கும்போதே விற்றுப் பாருங்கள்.

சில்லறை விஷயங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஏடிஎம் இயந்திரம் "உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடலாமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அந்த மாற்று விகிதம் எப்போதும் உங்களுக்கு நஷ்டம். இலவசமாக இரவு தங்கும் இடங்களுக்கு ஐஓவர்லாண்டர் செயலி உதவும். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள், பிடிக்கவில்லை என்றால் நகர நேரம் இருக்கும். கிளம்பும் முன் இரண்டு வாரம் வண்டியிலேயே வாழ்ந்து, ஒவ்வொரு செலவையும் எழுதுங்கள். அதுதான் உங்கள் உண்மையான மாதச் செலவின் தொடக்கம்.

நோட்டு எழுதும் முறை இதுதான். இடது பக்கம் மீட்டர் எண், தேதி, செலவு. வலது பக்கம் மாதக் கடைசியில் இரண்டு எண்: அந்த மாதம் ஓடிய கிலோமீட்டர், இரண்டாவது பங்கில் மிச்சம் எத்தனை மாதத்துக்கு வரும். மிச்சம் 6 மாதத்துக்குக் கீழே வந்தால் வேகத்தைக் குறைத்து ஒரே இடத்தில் நிற்போம். 3 மாதத்துக்குக் கீழே வந்தால் வண்டியை எங்கே விடலாம் என்று பார்ப்போம், வேலைக்கு எழுதிப் போடுவோம். டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கார்டை அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.