எட்டு விருதாளர்கள், ஒரு கூடம்: குழு ஓவியக் கண்காட்சியை அமைக்கும் முறை

விருது பெற்ற ஓவியர்கள், சிற்பிகள் எட்டுப் பேரின் படைப்புகளை ஒன்றாக வைக்கிறோம் என்றால் கூடம் கிடைப்பதும் திறந்துவைக்க ஆள் கிடைப்பதும் சிரமமில்லை. எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகுதான் சிக்கல் தெரியும்: ஒரே தெருவில் எட்டுக் கடை போட்டது மாதிரி இருக்கும். விருது என்பது வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு நடுவர்கள் எடுத்த முடிவு. அதற்குப் படைப்புகளை இணைக்கும் வலு கிடையாது. அந்த வேலைகள் எங்கிருந்து கிளம்பின என்ற ஊற்றுக்கண்ணுக்கு அந்த வலு உண்டு. ஆகவே விருதுக்கு விவர அட்டையில் ஒரு வரி போதும். கண்காட்சியை ஊற்றுக்கண்ணைச் சுற்றிக் கட்டுங்கள். கீழே உள்ளவை சென்னையை மனத்தில் வைத்து எழுதியவை. கடலோரம் உள்ள எந்த ஊருக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எத்தனை படைப்பு, எவ்வளவு சுவர்

ஆறிலிருந்து எட்டுப் பேர், ஆளுக்கு மூன்று படைப்புகள். விருது பெற்றது ஒன்று, அதற்குச் சில ஆண்டுகள் முன்பு செய்தது ஒன்று, இப்போது செய்வது ஒன்று. இருபத்துநான்கு பேரிடம் ஒவ்வொன்று வாங்கினால் யாருடைய போக்கும் பிடிபடாது. விருது பெற்ற படைப்பு பெரும்பாலும் ஓவியரிடம் இருக்காது. விற்றுப்போயிருக்கும் அல்லது ஏதாவது நிறுவனத்தின் சேகரிப்பில் இருக்கும். முதல் கடிதம் அதைக் கடன் கேட்டுப் போகட்டும். அலுவலகங்களிலிருந்து பதில் வர இரண்டு மூன்று மாதம் ஆகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுவரைக் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். சராசரி அகலம் 90 செ.மீ. உள்ள 24 படங்களுக்கு 21.6 மீட்டர். ஒரே ஓவியரின் படங்களுக்கு இடையே 60 செ.மீ. வீதம் 16 இடைவெளிக்கு 9.6 மீட்டர். ஓவியருக்கும் ஓவியருக்கும் இடையே 1.5 மீட்டர் வீதம் ஏழு இடைவெளிக்கு 10.5 மீட்டர். கூட்டினால் 41.7. முகப்புரைக்கு 3 மீட்டர். கதவு, சுவிட்ச் பலகை, தீயணைப்பான் எல்லாம் தின்னும் இடம் ஆறேழு மீட்டர். ஆக, 52 மீட்டருக்குக் குறைந்த சுவர் என்றால் படத்தைக் குறையுங்கள், இடைவெளியைக் குறைக்காதீர்கள். கூடத்தின் வரைபடத்தை நம்பாமல் டேப்பை எடுத்துக்கொண்டு நேரில் போய் அளக்க வேண்டும். கிரீம்ஸ் சாலையில் உள்ள, நுண்கலைக்கான தேசிய அமைப்பான லலித் கலா அகாடமியின் மண்டல மையம் போன்ற இடங்களுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

தேதியைப் பொறுத்தவரை, அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை வடகிழக்குப் பருவமழை. கேன்வாஸை வேனிலிருந்து இறக்குவதே அப்போது தலைவலி. மார்கழியில் வெளியூர், வெளிநாட்டுப் பார்வையாளர்கள் நகரில் இருப்பார்கள், ஆனால் மாலை நேரம் கச்சேரிக்குப் போய்விடும். திறப்பை முற்பகலில் வைக்கலாம்.

விருதின் பெயரைச் சரியாக எழுதுவது

அழைப்பிதழில் அதிகம் தவறு நேரும் இடம் இது. 1954இல் தொடங்கப்பட்ட லலித் கலா அகாடமியின் தேசியக் கண்காட்சியில் படைப்பு தேர்வாவது ஒன்று, அங்கே அதற்கு விருது கிடைப்பது வேறொன்று. அகாடமியின் ஃபெல்லோ ஆவது மூன்றாவது; அது வாழ்நாள் பங்களிப்புக்கானது. மூன்றையும் ‘தேசிய விருதாளர்’ என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டிலும் கலைமாமணி இயல் இசை நாடக மன்றம் வழங்குவது, கலைச்செம்மல் கலை பண்பாட்டுத் துறை வழங்குவது. சான்றிதழின் நகலை வாங்கி, விருதின் பெயர், வழங்கிய அமைப்பு, ஆண்டு, எந்தப் படைப்புக்கு என்ற நான்கையும் அதிலிருந்தே எடுத்தெழுதுங்கள். ஓவியரின் முகநூல் அறிமுகத்திலிருந்து எடுக்க வேண்டாம்.

பத்ம விருது பெற்றவர் இருந்தால் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ‘பத்மஸ்ரீ’ போடக் கூடாது. அவை பட்டங்கள் அல்ல என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. தன்குறிப்பில் ‘இன்ன ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றவர்’ என்று எழுதலாம்.

ஊற்றுக்கண்ணைக் கண்டெடுப்பது

“உங்களுக்கு எது தூண்டுதல்?” என்று கேட்டால் “இயற்கைதான்” என்று பதில் வரும். கேட்டவர் மேல்தான் தவறு. ஒரு குறிப்பிட்ட படைப்பின் முன் ஓவியரை உட்காரவைத்துக் கேளுங்கள்: இதைத் தொடங்கிய அன்று மேசையில் என்ன கிடந்தது? எந்த நிறம் முதலில் வந்தது? எதை வரைந்துவிட்டு அழித்தீர்கள்? எந்தப் பொருளை வீடு மாறும்போதெல்லாம் தூக்கிக்கொண்டு போகிறீர்கள்? ஒருவருக்கு ஒன்றரை மணி நேரம், ஒலிப்பதிவுடன், அவருடைய வேலைக்கூடத்திலேயே. பதிவிலிருந்து 80 சொற்களுக்கு மிகாத ஒரு பகுதியை அவருடைய பேச்சு மொழியிலேயே எடுத்து, அவரிடம் படித்துக்காட்டி ஒப்புதல் வாங்குங்கள். அதைக் கவிதையாக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

ஊற்றுக்கண்கள் ஒரே வகையானவை அல்ல. 1960களில் சென்னை ஓவியப் பள்ளியைச் சுற்றி எழுந்த நவீனக் கலை அலையான சென்னைக் கலை இயக்கத்திலேயே மூன்றைப் பார்க்கலாம். கே.சி.எஸ். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டங்கள், கணக்குகள், படிக்க வராத எழுத்து வரிகள் நிறைந்திருக்கும். அங்கே ஊற்று கண்ணால் கண்ட ஒரு பக்கம். பி.வி. ஜானகிராமின் உலோகத் தகட்டுச் சிற்பங்களுக்குப் பின்னால் கோயில் மூர்த்திகளுக்குச் சாத்தும் கவசங்களின் தட்டுவேலை இருக்கிறது. அங்கே ஊற்று ஒரு கைத்தொழில். காந்தி நூற்றாண்டையொட்டி கே.எம். ஆதிமூலம் காந்தியை மைக்கோடுகளில் திரும்பத் திரும்ப வரைந்தார். அங்கே ஊற்று ஒரு மனிதர்.

வகைக்கு ஏற்றபடி காட்டும் முறையும் மாறும். பக்கம்தான் ஊற்று என்றால் அந்தப் பக்கத்தையே வையுங்கள். கைத்தொழில் என்றால் கருவிகளையும் பாதி தட்டிய ஒரு தகட்டையும் வைத்து, தகட்டைத் தொட்டுப் பார்க்க விடுங்கள். மனிதர் என்றால் எல்லாரும் அறிந்த புகைப்படத்தை மாட்டுவதில் பயனில்லை. முதல் முயற்சிகள், கைவிட்ட கோடுகள் ஆகியவற்றின் வரிசைதான் பேசும். 1966இல் பணிக்கர் முன்னின்று ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய சோழமண்டலக் கலைக் கிராமத்தின் அருங்காட்சியகத்தில் இந்த இயக்கத்தின் படைப்புகளை ஒரே நடையில் பார்க்கலாம். திட்டம் போடுவதற்கு முன் ஒரு முற்பகலை அங்கே செலவிடுவது வீணாகாது.

ஊற்றுப் பொருளைப் படைப்பின் பக்கத்திலேயே வைக்கக் கூடாது. வைத்தால் பார்வையாளர் இடமும் வலமும் ஒருமுறை பார்த்து “ஓ, இதுதானா அது” என்று நகர்ந்துவிடுவார். ஓவியம் வெறும் விளக்கப்படமாகச் சுருங்கிவிடும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, எதிர்ப்பக்கமோ திருப்பத்திலோ வையுங்கள். படைப்பை முதலில் பார்த்து, பொருளைப் பிறகு கண்டு, மறுபடி படைப்புக்குத் திரும்பும்படி நடை அமைய வேண்டும். கருவிகளுக்கு மட்டும் விலக்கு. அவை அருகில் இருந்தால் கெடுதல் இல்லை. ஆளுக்கு மூன்று பொருளுக்கு மேல் வேண்டாம்.

ஊற்றுப் பொருள்களை வைக்கும் பெட்டியின் பார்வைத் தளம் தரையிலிருந்து 75 முதல் 80 செ.மீ. உயரத்தில் இருந்தால் குழந்தைகளுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் எட்டும். குறிப்பேட்டைத் தட்டையாக விரித்துவைத்தால் முதுகு உடைந்துவிடும். இருபுறமும் அட்டைச் சாய்வு கொடுத்து சுமார் 120 பாகைக்குத் திறந்துவையுங்கள். ஒரே பக்கத்தில் வெளிச்சம் விழாமல் வாரம் ஒருமுறை புரட்ட வேண்டும். ஓலை, பழைய மரம், காய்ந்த நெற்று போன்றவை பூச்சியைக் கூடத்துக்குள் கொண்டுவரும். பாலித்தீன் பையில் காற்றை நீக்கி மூடி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வைத்தெடுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காதீர்கள். அவசரப்பட்டால் நீர் கோத்துப் பொருள் கெடும். வண்ணம் பூசியது, ஒட்டுப் பலகை, கண்ணாடி ஆகியவற்றுக்கு இந்த முறை கூடாது.

ஓவியர் ஒரு பழைய வெண்கலச் சிலையைக் கொண்டுவந்து “இதுதான் என் ஊற்று” என்றால், அதன் வயதைக் கேளுங்கள். நூறு ஆண்டு கடந்த சிற்பமும் ஓவியமும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். பதிவுச் சான்றிதழ் இல்லாமல் பொதுவில் வைத்தால் விளக்கம் சொல்ல வேண்டியது நீங்கள். நல்ல புகைப்படம் போதும்.

மாட்டுதல்

படத்தின் நடுமையம் தரையிலிருந்து 145 செ.மீ. வெளிநாட்டுக் கையேடுகள் 152 வரை சொல்லும். நம் ஊர் சராசரி உயரத்துக்கு அது கழுத்தை நிமிர்த்த வைக்கும். கொக்கியின் உயரத்தை இப்படிக் கணக்கிடுங்கள்: 145உடன் சட்டத்தின் பாதி உயரத்தைக் கூட்டி, பின்னால் உள்ள கம்பியை விறைப்பாக இழுத்தால் சட்டத்தின் மேல் விளிம்புக்கும் அதற்கும் உள்ள தூரத்தைக் கழிக்க வேண்டும். 90 செ.மீ. உயரச் சட்டம், கம்பித் தூரம் 7 என்றால் 145 + 45 − 7 = 183. கம்பியைத் தளர்வாக விட்டு அளப்பதுதான் வழக்கமான பிழை. மாட்டியதும் இரண்டு மூன்று செ.மீ. கீழே போய்விடும்.

60 செ.மீ.க்கு மேல் அகலமுள்ள எதற்கும் இரண்டு கொக்கிகள். ஒற்றைக் கொக்கியில் தொங்கும் படம் ஏசிக் காற்றிலேயே கோணும். தங்கூசியில் (நைலான் இழை) பெரிய படத்தைத் தொங்கவிடாதீர்கள்: பாரத்தில் அது நீளும், முடிச்சு வழுக்கும். முறுக்கிய எஃகுக் கம்பி வேண்டும். செங்கல் சுவர் என்றால் துளையிட்டு பிளாஸ்டிக் பிளக் செருகித் திருகாணி; ஜிப்சம் பலகை என்றால் அதற்கென்று உள்ள ஆங்கர். ஆணி அடிக்கவே விடாத கூடங்களில் மேலே ரெயில் இருக்கும். ஒரு தொங்குகம்பி எத்தனை கிலோ தாங்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சிற்பத்தில் எடையைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது. 30 செ.மீ. கனசதுரக் கருங்கல் 70 கிலோவைத் தாண்டும். பீடத்துக்கு 18 அல்லது 19 மி.மீ. பிளைவுட், உள்ளே குறுக்குச் சட்டம். மேலே இலேசாகவும் உயரமாகவும் உள்ள சிற்பம் என்றால் பீடத்துக்குள் மணல் மூட்டை வையுங்கள். கூடம் முதல் மாடியில் இருந்தால், லிஃப்டின் கதவு அகலத்தை முதல் நாளே அளந்துவிடுங்கள்.

ஒளியும் ஈரமும்

தாளில் செய்த வேலை, நீர்வண்ணம், கைத்தறித் துணி ஆகியவற்றுக்கு வெளிச்சம் 50 லக்ஸ் (ஒளியின் அளவு). எண்ணெய், அக்ரிலிக் வண்ணங்களுக்கு 200 வரை. நிறத்தைச் சரியாகக் காட்டும் குறியீடு (சிஆர்ஐ) 90க்கு மேல் உள்ள எல்இடி விளக்கு வாங்குங்கள். செங்குத்திலிருந்து 30 பாகைச் சாய்வில் ஒளி விழ வேண்டும்: அதைவிடச் செங்குத்தாக இருந்தால் சட்டத்தின் நிழல் படத்தின் மேல் படியும், அதிகம் சாய்ந்தால் பார்ப்பவரின் நிழலே விழும். மஞ்சள் ஸ்பாட்டையும் வெள்ளை டியூப்லைட்டையும் ஒரே சுவரில் கலந்தால் ஒருவரின் வெள்ளை நீலமாகத் தெரியும், அவர் சண்டைக்கு வருவார், நியாயம்தான்.

ஈரப்பதத்தில் ஏற்ற இறக்கம்தான் கூடுதல் ஆபத்து. பகலில் ஏசி, இரவில் மின்கட்டணத்துக்குப் பயந்து அணைப்பது என்று இருந்தால் கேன்வாஸ் தளர்ந்து இறுகி அலைகிறது, தாள் நெளிகிறது. இரவும் 26 டிகிரியில் ஓடட்டும். முடியாதென்றால் பகலிலும் ஏசி இல்லாமல் மின்விசிறியோடு நடத்துவது மேல். கண்ணாடிச் சட்டத்துக்குள் தாள் கண்ணாடியைத் தொடாமல் மவுண்ட் அட்டை இடைவெளி தர வேண்டும். இல்லையென்றால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கரி, பேஸ்டல் வேலைகளுக்கு அக்ரிலிக் தகடு ஆகாது; அதன் நிலைமின்சாரம் பொடியை இழுக்கும். கண்ணாடிதான்.

கட்டும்போது குமிழி உறையை வண்ணத்தின் மேல் நேரடியாகச் சுற்றாதீர்கள். சென்னை வெயிலில் வேனுக்குள் அக்ரிலிக் இளகி, வட்ட வட்டமாகத் தடம் பதியும். முதலில் கிளாசீன் என்ற மெல்லிய வழவழப்பான தாள், அதன் மேல் குமிழி உறை, குமிழிகள் வெளிப்பக்கம்.

அட்டை, பட்டியல், காகிதங்கள்

விவர அட்டை 15க்கு 10 செ.மீ. பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், உயரம் × அகலம், விருது, கடன் தந்தவர். தமிழ் எழுத்து 18 புள்ளிக்குக் குறையாமல், வரி இடைவெளி ஆங்கிலத்துக்குக் கொடுப்பதைவிடக் கூடுதலாக. இல்லாவிட்டால் மேல்வரி எழுத்தின் அடிப்பகுதியும் கீழ்வரி எழுத்தின் மேல்விசிறியும் மோதும். அச்சகத்தில் பழைய கோரல்டிராவில் யூனிகோட் தமிழை ஒட்டினால் கொம்பு இடம் மாறும். எழுத்துகளை வடிவங்களாக மாற்றிய பிடிஎஃப் கொடுத்து, அச்சான முதல் பிரதியை எழுத்துக் கூட்டிப் படியுங்கள்.

படத்தைக் கடன் தந்த சேகரிப்பாளர் அதைப் பட்டியல் நூலில் அச்சிட அனுமதி தர முடியாது. படத்தை வாங்கினாலும் பதிப்புரிமை, எழுத்தில் மாற்றித் தராதவரை, பெரும்பாலும் ஓவியரிடமே இருக்கும். அவர் மறைந்த பின் 60 ஆண்டுகள் வாரிசுகளிடம். சேகரிப்பாளர், பதிப்புரிமை உள்ளவர் இருவரிடமும் தனித்தனிக் கடிதம் வாங்குங்கள். காப்பீடு கூடத்துக்குள் மட்டும் என்று இருக்கக் கூடாது. ஓவியரின் சுவரிலிருந்து இறக்கியது முதல் திரும்ப அங்கே மாட்டும் வரை என்று எழுதச் சொல்லுங்கள். சேதம் பெரும்பாலும் வண்டியிலும் படிக்கட்டிலும்தான் நேர்கிறது. ஒவ்வொரு படைப்பையும் வாங்கும்போது முன், பின், நான்கு மூலைகள் என ஆறு படம் எடுத்து, ஏற்கெனவே உள்ள கீறலைக் குறித்து இருவரும் கையெழுத்திடுங்கள். விற்பனை இருந்தால் கூடத்தின் பங்கு எத்தனை விழுக்காடு, வரி அதற்கு முன்பா பின்பா என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

திறப்பும் இறக்குவதும்

குத்துவிளக்கைக் கூடத்தின் நடுவில் வைக்காதீர்கள். வாசலில், படைப்புகளிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி. உரைகள் நீண்டால் நிற்பவர்கள் சுவரில் சாய்வார்கள், சாய்வது படத்தின் மேல். நாற்காலி போடுங்கள் அல்லது உரையை 20 நிமிடத்தில் முடியுங்கள், இரண்டாவதே உத்தமம். பொன்னாடைக்கும் காபிக்கும் தனி அறை.

இறக்கும் நாளில் ஆள் குறைவாக இருக்கும், அவசரம் கூடுதலாக இருக்கும். கடன் வாங்கியவற்றை முதலில், ஊற்றுப் பெட்டிகளை அடுத்து, ஓவியரின் சொந்தப் படங்களைக் கடைசியில் இறக்குங்கள். வாங்கும்போது எடுத்த ஆறு படங்களோடு ஒப்பிட்டு, உரியவர் கையெழுத்திட்ட பிறகே உறையைக் கட்ட வேண்டும். சிறு பொருள்கள்தான் அதிகம் தொலைகின்றன: தூரிகை, உளி, ஒரு நெற்று. அவற்றுக்கும் பட்டியலில் எண் கொடுத்திருந்தால்தான் தேட முடியும்.