பெர்மிட் காணியில் நம் ஆட்கள் விடும் பிழைகள்

விசுவமடுவில் என் பெரியம்மாவின் டிரங்குப் பெட்டிக்குள் ஒரு சொப்பிங் பை இருக்கிறது. அதற்குள் அரசு கொடுத்த காணி அனுமதிப்பத்திரம், அதாவது பெர்மிட், நாலாக மடித்தபடி. மடிப்புகள் கிழிந்து, ஒட்டிய டேப் மஞ்சளாகிவிட்டது. 2009இல் போருக்குள் மாத்தளன் வரைக்கும் அதை அவர் இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினார். பெரியப்பா இறந்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் காணிக்குப் பின்னுரித்தாளர், அதாவது அவருக்குப் பிறகு காணியை ஏற்பவர், என்று எவருடைய பெயரும் பதியப்படவில்லை.

முத்தையன்கட்டு, வவுனிக்குளம், இரணைமடுப் பக்கம் கேட்டால் இந்தக் கதை வீட்டுக்கு வீடு இருக்கும். குடியேற்றத் திட்டங்களில் கொடுத்த காணிகளில் பெரும்பாலானவை 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குள் வருபவை. உறுதி எழுதி வைத்திருக்கும் சொந்தக் காணிக்குப் பழகிய மனதோடு இவற்றைக் கையாளுவதில்தான் பிழை தொடங்குகிறது.

முதல் பிழை, 'பிள்ளைகள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளுவார்கள்' என்று விடுவது. பெர்மிட்காரர் உயிரோடு இருக்கும்போதே பின்னுரித்தாளரை நியமிக்க வேண்டும். எழுதிக் கையெழுத்து வைத்தால் மட்டும் போதாது, அந்தப் பத்திரம் அவர் இறப்பதற்கு முன் காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். 'விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) சொல்லி வைச்சனாங்கள்' என்பது நியமனம் ஆகாது. பெயர் போடாவிட்டாலும் மனைவிக்கு, அல்லது கணவனுக்கு, காணியில் தொடரும் உரித்து உண்டு. சிக்கல் அவருக்குப் பின்னால்தான் வரும்.

அங்கேதான் புதிய சட்டத்தைத் தெரிந்திருக்க வேண்டும். நியமனம் இல்லாத இடத்தில் யாருக்குக் காணி என்ற பழைய அட்டவணையில் மகன்களுக்குப் பிறகுதான் மகள்கள். வயலில் தாயோடு நின்று பாடுபட்ட மூத்த மகள் இருக்க, தம்பியின் பெயருக்குக் காணி போன வீடுகள் எத்தனையோ! 2022இல் வந்த திருத்தம் அந்த ஆண் முன்னுரிமையை எடுத்துவிட்டது. இப்போது பிள்ளை என்றால் பிள்ளைதான், வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. எனக்கு இது மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஆனால் 'பொம்பிளைப் பிள்ளைக்குப் பெர்மிட் காணி வராது' என்று இன்றைக்கும் ஊரில் அடித்துச் சொல்லுகிறார்கள். அதை நம்பித் தங்கச்சிமார் பிரதேச செயலகத்துப் படியே ஏறாமல் விட்டுவிடக் கூடாது.

வெளிநாட்டில் இருக்கும் மகனின் பெயரைப் போடுவதையும் யோசித்துச் செய்யுங்கள். நியமிக்கப்பட்டவர் பெர்மிட்காரர் இறந்து 6 மாதத்துக்குள் காணியைக் கையேற்காவிட்டால் அந்த உரித்தை இழக்கலாம். கனடாவில் இருந்து வந்து வேலி அடைப்பது லேசான காரியமா?

அப்புறம், விற்பனை. முத்திரைக் கடதாசியில் 'எழுத்து' எழுதி, காசை எண்ணிக் கொடுத்து, மதிலும் கட்டிவிடுகிறார்கள். உரிய அனுமதி இல்லாமல் பெர்மிட் காணியைக் கைமாற்றினால் சட்டத்தின் முன் அது செல்லாது. வாங்கியவர் கையில் காசும் இல்லை, காணியும் இல்லை.

காணாமற்போனவரின் பெயரில் காணி இருந்தால் மரணச் சான்றிதழ் எடுத்தே ஆகவேண்டும் என்று நினைத்து வருடக்கணக்காக ஒதுங்கி இருக்கும் தாய்மார் உண்டு. காணாமற்போயிருப்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றுக்கு 2016இல் சட்டம் வந்துவிட்டது. இறந்துவிட்டார் என்று கையெழுத்து வைக்காமலே அதை எடுக்கலாம். அதைக் கொண்டு காணி விஷயத்தில் என்ன செய்யலாம் என்று காணி உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

வர்த்தமானியைக் கவனிக்காமல் விடுவதும் ஆபத்து. 2025 மார்ச்சில் வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு உரிமை கோரச் சொல்லி, 3 மாதத் தவணையோடு ஓர் அறிவித்தல் வந்தது. முல்லைத்தீவு, கிளிநொச்சிக் காணிகளும் அதில் இருந்தன. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டதால் அது நின்றது. ஆனால் பாதித் தவணை போன பிறகுதான் பலருக்கு விஷயமே தெரியவந்தது.

பெரியம்மாவின் காணிக்கு நாங்கள் கடைசியில் செய்தது இதுதான்: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், காணிப் பேரேட்டில் உள்ள பதிவின் பிரதியை எழுத்தில் கேட்டோம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்பம் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்கினோம். அதுவும் இப்போது அந்தச் சொப்பிங் பைக்குள் இருக்கிறது.