ஆயில் பிரஷரைச் சூட்டில் பாருங்கள்

டிராக்டரில் அரை மணி நேரம் உழுத பிறகு, ஆயில் பிரஷர் மீட்டரின் முள் ஐடிலில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது) எங்கே நிற்கிறது, உழும் வேகத்தில் எங்கே நிற்கிறது என்று பார்த்து, இரண்டு இடங்களிலும் கண்ணாடி மேல் பெயின்டால் பொட்டு வைத்துவிடுங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் காட்டும் அளவை நம்ப வேண்டாம். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால், எஞ்சினுக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்திருந்தாலும் முள் மேலேயே நிற்கும். சூடேறி இளகும்போதுதான் எஞ்சினின் உண்மையான நிலை தெரியும். ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைக் காட்டும் மீட்டர் நடுவுக்கு வந்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், ஆயில் அதைவிட மெதுவாகத்தான் சூடேறும். மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் சித்திரை வெயிலில் கோடை உழவு ஓட்டுபவர்களுக்கு இது மிகவும் அவசியம்.

பிறகு ஒரு நாள் அதே சூட்டில், அதே வேகத்தில் முள் அதற்குரிய பொட்டுக்குக் கீழே இறங்கினால், உடனே எஞ்சினை நிறுத்துங்கள். பத்து நிமிடம் கழித்து ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் ஒழுகல் எங்கே என்று தேடலாம். அளவு கூடியிருந்து, விரலில் தேய்த்தால் நீர்த்துப்போய் டீசல் வாடை அடித்தால், ஆயிலில் டீசல் இறங்குகிறது. மெக்கானிக் வரும்வரை தயவுசெய்து ஓட்டாதீர்கள். கிராங்க் (எஞ்சினின் முக்கியச் சுழல் தண்டு) அடிபட்டால் செலவு பல மடங்காகும்.

வேறு கிரேடு ஆயிலுக்கு மாறினால் பழைய பொட்டு செல்லாது, புதிதாக வைக்க வேண்டும். மீட்டர் இல்லாமல் சிவப்பு விளக்கு மட்டும் உள்ள வண்டிகளுக்கு இந்த முறை உதவாது. பிரஷர் ஏறக்குறைய தீர்ந்த பிறகுதான் அந்த விளக்கு எரியும்.