"இருபதே நாள் கரன்ட்" என்று சொல்லாதீர்கள்

கதிர்வீச்சுப் பிரிவுக்குப் புதிதாக வரும் நர்ஸ்கள், எங்கள் காலத்தில் நாங்கள் சொன்ன அதே ஆறுதலை இன்றும் நோயாளிகளிடம் சொல்கிறார்கள். கரன்ட் என்று நாம் சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சையில் வரும் வாய்ப்புண்ணுக்குப் புகையிலை, காரம் ஆகாது என்பது எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். நாம் செய்யும் மற்ற தவறுகள் இவை.

நாள் குறைந்தால் புண்ணும் குறையும் என்பது

தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு வழக்கமான கணக்கு 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு): நாளுக்கு 2 கிரே, வாரம் 5 நாள், 7 வாரம். சில இடங்களில் 55 கிரேயை 20 தடவையாகப் பிரித்து 4 வாரத்தில் முடிக்கிறார்கள். கேரளத்துப் பீருமேடு, வண்டிப்பெரியாறு தேயிலை எஸ்டேட்டுகளிலிருந்து மலையிறங்கி வரும் நம் ஆட்களுக்குக் கூலியும் பஸ் செலவும் மிச்சம். "இருபதே நாள் கரன்ட், அப்புறம் சுகம்" என்று அனுப்பிவைக்கிறார்கள். எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இந்தப் பேச்சில்தான்.

கதிர் பட்ட அன்றே வாயின் உள்தோல் உரிந்துவிடாது. மேலே இருக்கும் செல்கள் உதிர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். கீழிருந்து புதியவை வராதபோதுதான் புண் வெளியே தெரியும். 7 வாரக் கணக்கில் புண் முற்றும்போது நோயாளி தினமும் நம் கண்ணெதிரே இருக்கிறார். 4 வாரக் கணக்கில் அவர் எஸ்டேட் லயத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்.

கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவரை இப்படித்தான் அனுப்பினார்கள். கடைசி நாள் குழைந்த சோறு சாப்பிட்டுவிட்டுப் போனவர். அடுத்த வாரம் மகன் ஜீப்பில் கொண்டுவந்தபோது நாக்கெல்லாம் வெள்ளைப் படலம். எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் துப்பிக்கொண்டிருந்தார். "கரன்ட் நிறுத்திய பிறகு புண் எப்படி சிஸ்டர் கூடும்? நோய் திரும்பிவிட்டதா?" என்றான் மகன். சிகிச்சைதான் முடிந்துவிட்டதே என்று வலி மாத்திரையையும் நிறுத்தியிருந்தார்கள். மூக்கில் குழாய் போட வேண்டியதாயிற்று.

கடைசி நாளில் லட்டு வாங்கிக்கொண்டு கை குலுக்கினால் போதாது. புண் இன்னும் ஒன்றிரண்டு வாரம் கூடிவிட்டுத்தான் ஆறும், மருந்தை நிறுத்தக் கூடாது, தண்ணீரே இறங்காவிட்டால் அன்றே வர வேண்டும் என்று வீட்டாரிடம் சொல்லுங்கள். ஒரு லிட்டர் ஆறிய வெந்நீரில் உப்பும் ஆப்பச் சோடாவும் ஒவ்வொரு டீஸ்பூன், அடிக்கடி கொப்பளிக்க. வீடு தேடி வந்து வலி தணிக்கும் பஞ்சாயத்துப் பாலியேட்டிவ் நர்ஸுக்கு முன்கூட்டியே ஒரு போன் போடுங்கள்.

வாரம் ஆறு தடவை என்றதும் மிரட்டுவது

2003-இல் வெளியான டென்மார்க் ஆய்வில் மொத்த அளவை மாற்றாமல் வாரத்துக்கு 5-ஐ 6 ஆக்கினார்கள். கட்டி கூடுதலாகக் கட்டுப்பட்டது. ஒன்றாகப் படர்ந்த வாய்ப்புண் 33 சதவீதத்திலிருந்து 53 ஆனது, ஆனால் ஆறியது. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

தினம் இரண்டு வேளைக் கணக்கில் அவசரப்படுவது

இரு வேளைக்கும் நடுவே குறைந்தது 6 மணி நேர இடைவெளி வேண்டும். குமுளி பஸ் போனால் போகட்டும்.

புண் ஆறட்டும் என்று லீவு கொடுப்பது

கரன்ட்டை நிறுத்திவைத்தால் புண் ஆறுவது மட்டுமல்ல, கட்டியும் தலைதூக்கும். அந்த முடிவு டாக்டருடையது.

பல்

கெட்ட பல்லைக் கரன்ட்டுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு செத்துப்போகலாம். வருடங்கள் கழிந்தாலும் அந்த அபாயம் போகாது. எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் கரன்ட் வைத்ததை முதலில் சொல்லச் சொல்லுங்கள்.