வெண்பா தளை தட்டுதா? ஒரு காப்பி போதும்

வெண்பாங்கிற செய்யுள்ல ஒரு சீரும் (சொல் மாதிரி ஒரு துண்டு) அடுத்த சீரும் சேர்ற விதிதான் தளை, அது மீறினா தட்டுதுன்னு சொல்வாங்க. முதல்ல சீரை அசை அசையா, அதாவது ஒலித்துண்டு துண்டா, பிரிக்கப் பழகுங்க, சூத்திரம் எல்லாம் அப்புறம் மனப்பாடம் பண்ணிக்கலாம். குறிலோ நெடிலோ தனியா வந்தா நேர், குறிலுக்குப் பின்னாடி இன்னொரு குறிலோ நெடிலோ ஒட்டினா நிரை, கூட வர்ற புள்ளி எழுத்து தனி அசை ஆகாது, முன்னாடி உள்ள அசையோட சேர்ந்து அதை முடிச்சிடும்.

"காப்பி" = காப்/பி, நேர் நேர், இந்த மாதிரி சீருக்குப் பேர் தேமா. "பரோட்டா"வை ப/ரோட்/டானு வெட்டுவாங்க, (நானும்தான் ரொம்ப நாள் வெட்டினேன்) அது தப்பு, பரோட்/டா, நிரை நேர், புளிமா.

இப்போ தளை. மாவுக்கு (தேமா, புளிமா) அப்புறம் நிரை, விளத்துக்கும் (நிரையில முடியற ரெண்டு அசைச் சீர்) காய்க்கும் (நேர்ல முடியற மூணு அசைச் சீர்) அப்புறம் நேர், அவ்ளோதான். "காப்பி சூடா"ன்னா தட்டும், "காப்பி கொதிக்குது வாடா"ன்னா சரியா ஓடும், ஏன்னா "காப்பி" மா, அடுத்து "கொதிக்" நிரை; கொதிக்/குது நிரை நிரை, அதாவது கருவிளம், அடுத்து "வா" நேர்.

வெண்பாவோட கடைசி சீர் மட்டும் நாள் (நேர்), மலர் (நிரை), காசு (நேரோட உகரம்), பிறப்பு (நிரையோட உகரம்), இதுல ஒண்ணா முடியணும்.