'டென்ஷன் பிரஷர்தானே' என்று விட்டுவிடுபவர்கள் செய்யும் தவறுகள்

பிரஷர் மெஷின் 150/95 காட்டுகிறது. "வேலை டென்ஷன், லீவு வந்தால் இறங்கிடும்" என்று சொல்லி மெஷினை அலுமாரிக்குள் வைத்துவிடுகிறோம். கொழும்பில் பல வீடுகளில் நடப்பது இதுதான். இருக்கிற தவறுகளில் பெரியதும் இதுதான்.

பதற்றம் வந்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், இரத்தக்குழாய்கள் சுருங்கும், பிரஷர் ஏறும். பதற்றம் ஓய்ந்ததும் அது இறங்கிவிடும். மாதக்கணக்கில் இழுபடும் நெருக்கடி வேறு மாதிரி வேலை செய்யும். தூக்கம் ஐந்து மணித்தியாலமாகச் சுருங்கும். இரவில் 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டிய பிரஷர் இறங்காமல் நிற்கும். நடை நின்றுபோகும், இராச்சாப்பாடு கடைக் கொத்தாகும், சிகரெட் கூடும், குளிசை மறந்துபோகும். இப்படியே போனால் குழாய்ச் சுவர் தடித்து விறைத்துவிடும். அதன் பிறகு கடன் தீர்ந்தாலும் வேலை மாறினாலும் பிரஷர் தானாக இறங்கும் என்று நம்ப முடியாது.

அளக்கும் விதத்திலும் நிறையப் பிழை விடுகிறோம். காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் நின்று வந்து, வெள்ளவத்தையில் இறங்கி, பாமசிக்குள் நுழைந்த கையோடு அளந்தால் வரும் எண்ணை வைத்து எதையும் முடிவெடுக்க முடியாது. அளப்பதற்கு அரை மணித்தியாலம் முன்பிருந்தே தேத்தண்ணீர், கோப்பி, சிகரெட் வேண்டாம். சலம் கழித்துவிட்டு, முதுகு சாய, பாதம் இரண்டும் தரையில் பட, ஐந்து நிமிடம் கதைக்காமல் இருங்கள். கால்மேல் கால் போடக் கூடாது. பட்டியைச் சட்டைக்கு மேலே கட்டாமல் வெறும் மேற்கையில் கட்டி, கையை மேசையில் நெஞ்சு மட்டத்துக்கு வையுங்கள். கை கீழே தொங்கினால் எண் கூடுதலாகக் காட்டும். சாதாரணப் பட்டி பெரும்பாலும் 22 முதல் 32 சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள கைக்குத்தான் பொருந்தும். பருத்த கைக்குப் பெரிய பட்டி வாங்காவிட்டால் இல்லாத பிரஷரையும் இருப்பதாகக் காட்டும்.

காலையில் குளிசைக்கு முன்பும் இரவிலும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம், ஏழு நாள் அளந்து எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மிச்சத்துக்குச் சராசரி பாருங்கள். அது 135/85 அல்லது அதற்கு மேல் என்றால், அந்தக் கொப்பியோடு வைத்தியரிடம் போக வேண்டும். கோபம் வந்த நேரமெல்லாம் அளந்து, எண்ணைக் கண்டு பயந்து, திரும்பவும் அளப்பதால் பிரஷர் இன்னும்தான் ஏறும்.

"ஏறினால் பிடரி வலிக்கும், எனக்குத் தெரியும்" என்பதை நம்பவே வேண்டாம். பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. அப்படி நம்புபவர்தான் வலி இல்லாத நாளில் குளிசையை விட்டுவிடுகிறார். சில குளிசைகளைத் திடீரென நிறுத்தினால் பிரஷர் முன்பைவிட மோசமாக எகிறும். டென்ஷன் தலையிடிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் என்று வாங்கிப் போடுவதும் ஆபத்து. அவை உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி, பிரஷர் குளிசையின் வேலையையும் கெடுக்கும். பாமசியில் கேட்கும்போதே "எனக்குப் பிரஷர் இருக்கு" என்று சொல்லுங்கள்.

உப்பு நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிதான். கருவாடு, ஊறுகாய், சூப் கட்டி, சோஸ் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

மூச்சுப் பயிற்சி நல்லது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று பத்து நிமிடம் செய்யுங்கள்; குளிசைக்குப் பதிலாக வேண்டாம். நித்திரை இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்று வாரக்கணக்கில் போனால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்துக் கதைக்கலாம்.

180/120ஐத் தாண்டினால் ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து மறுபடி அளந்து பாருங்கள். இறங்காவிட்டால், வேறு தொல்லை இல்லையென்றாலும் அன்றைக்கே வைத்தியரைக் காண வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் விறைப்பு, பேச்சுக் குழறல், பார்வை மங்கல் இருந்தால் அளந்துகொண்டு நிற்காமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். யாரோ கொடுத்த குளிசையை நாக்குக்குக் கீழே வைக்கவே கூடாது. பிரஷர் சடாரென்று விழுந்தால் மூளைக்குப் போகும் இரத்தமே குறைந்துவிடும்.