வீட்டுக்குள் வண்ணம் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டின் உட்புறத்தைப் புதுப்பிக்க முடிவு செய்தவர்களில் பெரும்பாலோர் முதலில் கையில் எடுப்பது ஷேட் கார்டைத்தான். கடைக்காரர் விரித்துக் காட்டும் அட்டையில் ஒரு நிறம் பிடித்துவிடுகிறது. அதன் எண்ணைக் கொடுத்து, இயந்திரத்தில் கலந்து வாங்கி வந்து, இரண்டு கோட்டிங் அடித்து முடித்த பிறகு, “அட்டையில் பார்த்தது இந்த நிறம் இல்லையே” என்ற மனக்குறை எழுகிறது. கடையில் மாற்றிக் கலந்துவிட்டார்கள் என்றோ, பெயின்டர் தண்ணீரைக் கூட்டிவிட்டார் என்றோ சந்தேகம் போகிறது. பெரும்பாலான வீடுகளில் இருவர் மீதும் குற்றம் இருப்பதில்லை. சன்னல் இருக்கும் திசை, எரியும் விளக்கு, தரை, கதவு, பூச்சின் சமன், நிறம் பரவும் பரப்பு ஆகிய எல்லாம் சேர்ந்தே ஒரு சுவர் எப்படித் தெரிய வேண்டும் என்பதை முடிவு செய்கின்றன. எனவே இவற்றையெல்லாம் பார்த்த பிறகு, கடைசியாகத்தான் நிறத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை அதை முதல் வேலையாகச் செய்வதிலிருந்தே தொடங்குகின்றன.

அட்டையையும் கைப்பேசித் திரையையும் நம்பி முடிவெடுப்பது

அட்டையில் இருப்பது இரண்டு விரல் அகலத் துண்டு. அதே நிறம் ஓர் அறையின் நான்கு சுவர்களிலும் பரவும்போது, ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் எதிர்ச் சுவருக்குப் போய், அங்கிருந்து மீண்டும் திரும்பி வருகிறது. ஒவ்வொரு முறையும் சுவரின் சொந்த நிறம் மட்டும் மிஞ்சி, மற்ற நிறங்கள் உறிஞ்சப்படுவதால், அறைக்குள் அந்த நிறம் அட்டையில் தெரிந்ததைவிட அழுத்தமாகிவிடுகிறது. அட்டையில் இளம் பிஸ்தா பச்சையாகத் தெரிந்தது, அடித்த பிறகு முகத்திலும் உடையிலும் பச்சை வீசும் அளவுக்குத் தூக்கலாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். மனத்துக்குப் பிடித்த துண்டைவிட ஒன்று அல்லது இரண்டு படி வெளிறியதும், சற்றே சாம்பல் கலந்ததுமான நிறத்தைச் சுவருக்கு எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது.

கைப்பேசியில் பார்க்கும் படங்கள் இன்னும் மோசமான வழிகாட்டிகள். திரை தானே ஒளிர்வது. சுவரோ தன் மீது விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவது. கேமராவும் விளக்கின் நிறத்தைத் தானாகவே திருத்திவிடுகிறது. வேறொருவர் வீட்டுப் படத்தைக் காட்டி “இதே நிறம் வேண்டும்” என்று கேட்பவருக்கு அதே ஷேட் எண் கிடைத்தாலும், அந்தத் தோற்றம் கிடைப்பது அரிது.

மாதிரி அடித்துப் பார்ப்பவர்களும் ஒரு பிழை செய்கிறார்கள். பழைய நீலச் சுவரின் நடுவே புதிய நிறத்தைக் கையளவு தடவிப் பார்க்கிறார்கள். பாரிசின் கோப்லான் திரைச்சீலை நெசவாலையில் சாயப் பிரிவின் தலைவராக 1824இல் பொறுப்பேற்ற வேதியியலாளர் மிஷேல் யூஜேன் ஷெவ்ரூலிடம், கறுப்பு நூல் சரியாகச் சாயமேறவில்லை என்ற புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்யப்பட்ட நிறங்களே அந்தக் கறுப்பை வெளிறச் செய்கின்றன என்று அவர் கண்டறிந்து, 1839இல் விரிவாக எழுதி வெளியிட்டார். பழைய நீலத்தின் நடுவே தடவிய சந்தன நிறத்துக்கும் இதுவே நேர்கிறது. நீலம் சூழ இருக்கும்வரை அது ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்து தெரியும். சுற்றியுள்ள நீலம் மறைந்ததும் வேறாகத் தெரியும்.

ஆகவே தடித்த வெள்ளை அட்டை அல்லது பலகை ஒன்றில், குறைந்தது இரண்டடிக்கு இரண்டடி அளவில், ஓரத்தில் வெள்ளை விட்டு, இரண்டு கோட்டிங் அடித்துக் காயவிட வேண்டும். எமல்ஷன் ஈரத்தில் ஒரு நிறமாகவும் காய்ந்தபின் வேறு நிறமாகவும் தெரியும் என்பதால், ஒரு நாள் கழித்துப் பார்ப்பதே சரி. அட்டையைத் தரையில் கிடத்தாமல் சுவரோடு நிமிர்த்தி வைக்க வேண்டும்; ஒவ்வொரு சுவருக்கும், இருண்ட மூலைக்கும், கதவு நிலையின் ஓரத்துக்கும் நகர்த்த வேண்டும்; காலை, நண்பகல், மாலை, விளக்கேற்றிய பின் என நான்கு வேளையும் பார்க்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு சிறு டப்பாவின் விலைதான். வீடு முழுவதையும் மறுபடி அடிக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

வெளிச்சத்தைக் கணக்கில் எடுக்காமல் இருப்பது

வடக்கு பார்த்த அறையில் வெயில் விழாது, எனவே அங்கு மஞ்சள் சாயல் அடிக்க வேண்டும் என்னும் அறிவுரை பரவலாகச் சொல்லப்படுகிறது. ஐரோப்பாவுக்கு அது பொருந்தும். தமிழ்நாட்டுக்கு முழுமையாகப் பொருந்தாது. சென்னையில் ஏப்ரல் இறுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. அந்தக் காலத்தில் காலையிலும் மாலையிலும் வடக்குச் சன்னல் வழியே வெயில் சாய்ந்து நுழைகிறது. மார்கழியில் இதற்கு நேர்மாறாக, சன்ஷேடு தடுக்காத அளவுக்குத் தெற்குச் சன்னலில் வெயில் விழுகிறது. நம் வீடுகளில் அதிகம் கவனிக்க வேண்டியது மேற்குச் சன்னல் உள்ள அறைதான். மாலை நான்கு மணிக்கு மேல் வரும் செம்மஞ்சள் வெயில், மாம்பழ மஞ்சளையும் பீச் நிறத்தையும் கண் கூசும் அளவுக்கு எரியவைக்கும். அத்தகைய அறைக்கு நீலமோ பச்சையோ கலந்த வெளிறிய சாம்பல் நிறம் எவ்வளவோ இதமாக இருக்கும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. சன்னலுக்கு எதிரே நான்கடி தள்ளிப் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் நின்றால், உங்கள் அறைக்குள் வருவது வானத்தின் வெளிச்சம் அன்று, அந்தச் சுவர் திருப்பி அனுப்பும் வெளிச்சம். அது பச்சையாக இருந்தால் உங்கள் வெள்ளைச் சுவரும் லேசாகப் பச்சை காட்டும். இதை எந்த ஷேட் கார்டும் முன்கூட்டிச் சொல்லாது.

இரவு விளக்கு பற்றியும் முன்பே முடிவெடுத்துவிட வேண்டும். பல வீடுகளில் வண்ணம் அடித்து முடித்த பிறகுதான் விளக்கை மாற்றுகிறார்கள். 6500 கெல்வின் எல்.இ.டி. விளக்கு நீலம் கலந்த வெள்ளை ஒளியைத் தருகிறது. 3000 கெல்வின் விளக்கு மஞ்சள் ஒளியைத் தருகிறது. முதலாவதில் நன்றாகத் தெரிந்த சாம்பல், இரண்டாவதில் அழுக்கேறியது போலத் தெரியலாம். நிறங்களை ஒரு விளக்கு எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதைக் குறிக்க, விளக்குப் பெட்டியில் அச்சிடப்படும் சி.ஆர்.ஐ. எண் 80க்குக் குறைவாக இருந்தால், எந்த நல்ல நிறமும் அந்த ஒளியில் சோர்ந்துவிடும். புடவைக் கடையில் எத்தனை விளக்கு எரிந்தாலும், சேலையை வாசலுக்கு எடுத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு வாங்குவது நம் வீட்டுப் பெண்களின் நெடுநாள் பழக்கம். ஒரு விழாவுக்குக் கட்டும் சேலைக்குக் காட்டும் அந்த நிதானத்தை, பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருக்கப் போகும் சுவருக்கும் காட்டலாம்.

ஹாலில் ஒரு சுவருக்கு மட்டும் அழுத்தமான நிறம் அடிக்கும் வழக்கம் இப்போது பரவலாகிவிட்டது. அதற்குச் சன்னல் உள்ள சுவரைத் தேர்ந்தெடுப்பதுதான் பெருந்தவறு. சன்னல் வெளிச்சம் எதிர்ச் சுவரிலும் பக்கச் சுவர்களிலும் விழுமே தவிர, சன்னல் இருக்கும் சுவரில் விழாது; பகலில் அறையிலேயே இருண்ட சுவர் அதுதான். அங்கு மெரூனோ கருநீலமோ அடித்தால், நிறம் தெரியாமல் கறுப்பாகவே தோன்றும். நடுவே பளீரென்ற சன்னல் கண்ணை உறுத்தும். சன்னலுக்கு எதிரே அல்லது பக்கவாட்டில், கதவோ அலமாரியோ துண்டாடாத சுவரே இதற்குத் தகுந்தது.

சில நிறுவனங்கள் ஒவ்வொரு ஷேடுக்கும் எல்.ஆர்.வி. என்ற எண்ணைக் கொடுக்கின்றன. விழும் வெளிச்சத்தில் எவ்வளவை அந்த நிறம் திருப்பி அனுப்புகிறது என்பதைப் பூச்சியம் முதல் நூறு வரை அது குறிக்கிறது. ஒரே சன்னல் உள்ள படுக்கையறைக்கு 60க்கு மேல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுமாறு நான் சொல்வேன். அதற்குக் கீழே போனால் பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கும்.

தரையோடும் கதவோடும் பொருத்திப் பார்க்காமல் இருப்பது

சுவரின் நிறத்தை மாற்றலாம். தரையை எளிதில் மாற்ற முடியாது. ரெட் ஆக்சைடு தரையும் ஆத்தங்குடி ஓடும் சுவரின் கீழ்ப்பகுதிக்குத் தங்கள் செம்மையைக் கொடுக்கும். அவற்றின் பக்கத்தில் சுண்ணாம்பு வெள்ளையும் வெளிறிய மஞ்சளும் இயல்பாகப் பொருந்தும், இளஞ்சிவப்பு பொருந்தாது. ஐவரி நிறத் தரை ஓடு பதித்த வீட்டில் நீலச் சாயலுள்ள பளீர் வெள்ளையைச் சுவருக்கு அடித்தால், நேற்றுவரை சுத்தமாகத் தெரிந்த தரை திடீரெனப் பழுப்பேறியதாகத் தோன்றும். “வெள்ளைதானே, எதுவானால் என்ன” என்று நினைப்பது இதனால்தான் தவறாகிறது. வெள்ளையிலேயே நீலம் சாய்ந்தது, மஞ்சள் சாய்ந்தது, சாம்பல் சாய்ந்தது என்று பல உண்டு. சுண்ணாம்பு அடித்த காலத்தில் அதில் நீலம் கலந்தவர்கள், சுண்ணாம்பின் மஞ்சளை அடக்கி வெள்ளையைத் தூக்கிக் காட்டவே அப்படிச் செய்தார்கள். மாதிரி அட்டையை ஸ்கர்ட்டிங் ஓட்டின் மேலேயே நிறுத்தி, தேக்கு நிலைக்கு அருகிலும் பிடித்துப் பார்த்தால் இந்த ஐயம் தீர்ந்துவிடும்.

வாஸ்து பார்த்துத் திசைக்கொரு நிறம் என்று வைத்திருப்பவர்களும் அந்த வழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. பச்சை என்று சொல்லப்பட்டால், அந்தப் பச்சைக்குள் தரைக்கும் வெளிச்சத்துக்கும் இசையும் நிறங்கள் நிறையவே இருக்கின்றன.

சுவரின் குறையை நிறத்தால் மறைக்க முயல்வது

பளபளப்புள்ள எமல்ஷன் கழுவ எளிது என்பதால் வீடு முழுவதும் அதையே அடிக்கச் சொல்கிறார்கள். பூச்சு வேலை மேடுபள்ளமாக இருக்கும் சுவரில் இது வினையாகிவிடும். நம் வீடுகளில் டியூப் லைட்டைச் சுவரின் மேல்பகுதியிலேயே பொருத்துகிறோம். அந்த ஒளி சுவரை ஒட்டிச் சரிந்து விழுவதால், பளபளப்பில் ஒவ்வோர் அலையும் பட்டி பார்த்த தடமும் தெளிவாகத் தெரியும். நிறம் அழுத்தமாக இருந்தால் இன்னும் அதிகமாகத் தெரியும். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் பளபளப்பில்லாத மேட் அல்லது மிக லேசான பளபளப்பு; எண்ணெய்ப் புகை படியும் சமையலறைக்கும், குழந்தைகளின் கை படும் நடைபாதைக்கும் மிதமான பளபளப்புள்ள சாட்டின். இந்தப் பகுப்பு பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். மேட்டில் பார்த்த நிறம் பளபளப்பில் சற்று வேறாகத் தெரியும் என்பதால், மாதிரியையும் அடிக்கப்போகும் வகையிலேயே பார்க்க வேண்டும்.

ஓதம் ஏறிய சுவருக்கு அழுத்தமான நிறம் அடித்து மறைக்க நினைப்பது வீண். உப்புப் பூக்கும்போது வெள்ளைத் திட்டுகள் அடர்ந்த நிறத்தில்தான் முதலில் கண்ணில் படும். நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டு அதைச் சரிசெய்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே வண்ணத்தைப் பற்றிப் பேச வேண்டும். புதிய சிமெண்ட் பூச்சாக இருந்தால் குறைந்தது 28 நாள் விட வேண்டும். ஈரமும் காரத்தன்மையும் குறையாத பூச்சில் சில நிறமிகள் வெளுத்துவிடும். பழைய சுண்ணாம்புப் படலத்தைச் சுரண்டாமல் அதன் மேல் எமல்ஷன் அடித்தால், படலத்தோடு சேர்ந்து அதுவும் உரிந்துவரும். தீபாவளிக்குள் முடித்துவிட வேண்டும் என்று வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாளில் அவசரப்படுவதைவிட, மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களுக்கு வேலையைத் தள்ளிவைப்பது நல்லது.

பழைய கதவு, சன்னல் கம்பிகளின் நிறத்தை மாற்றும்போது ஒரு எச்சரிக்கை அவசியம். வீட்டு உபயோக வண்ணங்களில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அதை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் எழும் தூசி குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மிகவும் ஆபத்தானது. நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். அந்த நாள்களில் அவர்களை வேறு வீட்டில் தங்கவையுங்கள். தேய்க்கும் பெயின்டருக்கும் நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள்.

வாங்கும்போதும் அடிக்கும்போதும்

அழுத்தமான மஞ்சளும் சிவப்பும் அடியில் உள்ளதை மறைக்கும் திறன் குறைந்தவை. வெளிறிய ஷேடுகளில் தாராளமாக இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு, இந்த அடர் நிறங்களைக் கலக்க எடுக்கும் அடிப்படை வண்ணமான பேஸில் குறைவாகவோ இல்லாமலோ இருப்பதே காரணம். பழைய பச்சையின் மேல் நேரடியாக மஞ்சள் அடிப்பவர், இரண்டு கோட்டிங் என்று போட்ட கணக்கு மூன்று, நான்கு என்று நீள்வதைப் பார்ப்பார். பிரைமரால் பழைய நிறத்தை அடக்கிவிட்டுத் தொடங்குவதே சிக்கனம்.

அளவைத் தரைப் பரப்பைக் கொண்டு கணக்கிடுவதும் தவறு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், பத்தடி உயரத்துக்குச் சுவர்ப் பரப்பு 440 சதுர அடி. கதவு சன்னலுக்கு 60 கழித்தால் 380. நல்ல எமல்ஷன் லிட்டருக்கு இரண்டு கோட்டிங்காக ஏறக்குறைய 120 முதல் 140 சதுர அடி பிடிக்கும் என்பதால், அந்த அறைக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர் தேவைப்படும். மூன்று ஒரு லிட்டர் டப்பாக்களை வாங்குவதைவிட ஒரே நான்கு லிட்டர் டப்பா வாங்குவது மேல். தனித்தனியாகக் கலந்த டப்பாக்களுக்கிடையே நூலளவு நிற வேறுபாடு இருக்கக்கூடும். பல டப்பாக்கள் தேவைப்படும் ஹாலுக்கு எல்லாவற்றையும் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துகொண்டு, ஒரு சுவரை மூலை முதல் மூலை வரை இடைநிறுத்தாமல் அடித்து முடிக்க வேண்டும். மிஞ்சியதைச் சிறு டப்பாவில் காற்றுப் புகாமல் மூடி, ஷேட் எண், பேஸ், பேட்ச் எண், எந்த அறை, எந்தத் தேதி என்பவற்றை அதன் மேலேயே எழுதி வைத்தால், ஆணி அடித்த துளையையோ சோபா உரசிய தடத்தையோ சரிசெய்யும் நாளில் கடைக்குப் போய் நிறத்தைத் தேட வேண்டியிருக்காது.